டியூப் வங்கியின் முதல் பயனாளி

எண்ணூர் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு மற்ற மனிதர்களைவிட இரண்டு உறுப்புகள் அதிகம். பின்னால் வரும் ட்ரெய்லர் எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைத் திரும்பாமலே சொல்லிவிடும் பிடரி ஒன்று. சீட்டுக்கு அடியில் தொங்கும் ஸ்பேர் டியூப் இன்னொன்று.

டியூப்பை நாலாக மடித்துப் பால் கவருக்குள் போட்டு, பழைய டியூப்பிலிருந்து கிழித்த ரப்பர்ப் பட்டையாலேயே சீட்டுக் கம்பியோடு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் சரக்கில் பாதியைக் கடல் தாண்டி அனுப்புகின்றன, மீதியைச் சாலையில் உதிர்க்கின்றன என்று ஒரு பேச்சு உண்டு. கட்டுக்கம்பித் துண்டு, உடைந்த சீல், துருப்பிடித்த ஆணி. எதுவும் ட்ரெய்லர் டயரை ஒன்றும் செய்யாது. சைக்கிள் டயர் என்றால் நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பஞ்சர் கடைக்காரர் குளித்து, கும்பிட்டு, கடையைத் திறப்பதற்குள் கம்பெனி கேட்டுகள் மூடிவிடும். ஆகவே பஞ்சரானவன் ஓரமாக உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றி, ஸ்பேரை மாட்டி, காற்றடித்துக்கொண்டு போய்விடுவான். ஓட்டையான டியூப்பை மாலையில் வந்து ஒட்டிக்கொள்வான். காலகாலமாக நடந்து வந்த ஏற்பாடு இது. இதற்குத் தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, யாரும் மைக் பிடித்ததில்லை.

அந்த ஒரு குறையைக் கோதண்டம் கண்டுபிடித்தார்.

கோதண்டம் ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் கமிட்டி நடத்தி ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, கமிட்டியிலிருந்து இல்லை. சாம்பாரில் பருப்பு குறைந்ததற்கு அவர் நடத்திய போராட்டம் பற்றி அவரே நிறையச் சொல்லியிருக்கிறார். பருப்பு கூடியதாக மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. எர்ணாவூர் தாண்டி கத்திவாக்கம் போகிற வழியில் ஒரு டீக்கடை. அதன் பக்கவாட்டில் அவர் நிறுவியதுதான் ‘அனைத்து மிதிவண்டித் தொழிலாளர் நற்பணி மன்றம்’. தலைவர் அவர். செயலாளரும் பொருளாளரும் அவருடைய மச்சான்மார். தலைவர் தினமும் ஸ்கூட்டரில் வருவார். முட்டி வலி என்று காரணம் சொல்வார். வலி வருவதற்கு முன்னாலும் அவர் சைக்கிளில் வந்து யாரும் பார்த்ததில்லை.

மன்றத்தின் முதல் சாதனையாக டியூப் வங்கி அறிவிக்கப்பட்டது. திட்டம் இதுதான். தொழிலாளத் தோழர்கள் ஆளுக்கொரு டியூப்பைச் சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டு அலைவது சுயநலம். எல்லா டியூப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கண்ணாடி பீரோவில் வைத்தால் அது பொதுநலம். யாருக்குப் பஞ்சர் ஆனாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், கிழிந்ததை வைத்துவிட்டுப் போகலாம். உறுப்பினர் கட்டணம் கிடையாது, கையில் இருக்கிற ஸ்பேர் டியூப்பை ஒப்படைத்தால் போதும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட திட்டங்கள் எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருக்கும். நிலக்கரி யார்டில் வேலை செய்யும் வெற்றி என்கிற பையன் மட்டும், பீரோ எதிரிலேயே பஞ்சர் ஆகாமல் ரெண்டு மைல் தள்ளி ஆனால் என்ன செய்வது என்று கேட்டான். அது இரண்டாம் கட்டம் என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாம் கட்டம் என்ற சொல்லுக்கு எதிராக இந்த ஊரில் எவனாலும் பேச முடியாது.

டியூப்கள் வந்து சேர்ந்தன. பீரோவை அன்பளிப்பாகக் கொடுத்தவர் மேத்யூ என்கிற கன்டெய்னர் யார்டு முதலாளி. அவருடைய யார்டுக்குப் போகிற ட்ரெய்லர்கள்தான் அந்தச் சாலையில் பாதி நேரம் வரிசையில் நிற்பவை. கம்பியை அவர் உதிர்ப்பார், பீரோவையும் அவரே கொடுப்பார். தர்மம் என்பது ஒரு வட்டம். அவருக்கு மன்றம் ‘மிதிவண்டிப் புரவலர்’ என்று பட்டம் கொடுத்தது. அவர் கையால் திறந்து வைத்தால்தான் பீரோ திறக்கும் என்று முடிவானது. அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தேதி தள்ளிப் போனது, மறுபடியும் தள்ளிப் போனது. வாரக்கணக்கில் டியூப்களெல்லாம் கண்ணாடிக்குள் கறுப்பாகத் தொங்கின. வெளியே, பஞ்சரானவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவற்றைப் பார்த்தபடியே நடந்து போனார்கள். சாவி தலைவரின் மேல்சட்டைப் பையில் இருந்தது.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை தேதி உறுதியானது. ஜன்னத்துக்குப் பஞ்சரானது அன்றைக்குத்தான்.

ஜன்னத் தண்டையார்பேட்டைக்காரி. முகத்துவாரக்குப்பத்துக்கு முன்னால் இருக்கிற ஓர் இறால் கம்பெனியில் கான்ட்ராக்டில் இறால் உரிப்பவள். மகள் நவ்ரீனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளைத்தான் ஓட்டுவாள். நவ்ரீன் கல்லூரிக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு சைக்கிள் அம்மாவுக்கு வந்தது. முன்னால் கூடை, கூடைக்குள் சோத்து டப்பா, துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் இடுப்பில் ஒரு சுற்று. ட்ரெய்லர் டிரைவர்கள் முதலில் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களே ஒதுங்கக் கற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட ரொம்ப முன்னாடியே கிளம்பியிருந்தாள். கான்ட்ராக்ட் ஆட்களில் கொஞ்சம் பேரைக் கம்பெனி தன்னுடைய ஆட்களாக எடுக்கிறது. எட்டு மணிக்குள் கேட்டில் வந்து கட்டைவிரல் வைத்தவர்களுக்குத்தான். இந்த ஒரு நாள்தான். கம்பெனி ஆள் என்றால் ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு. அட்டை இருந்தால் செலவில்லாமல் ஆஸ்பத்திரியில் உசேனின் காலைக் காட்டலாம். உசேன் அவள் புருஷன். துறைமுகத்தில் கன்டெய்னர் பூட்டு காலில் விழுந்தது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. விரல் இரண்டு போய்விட்டது. பாதத்தையாவது காப்பாற்றலாம், தொடர்ந்து வைத்தியம் பார்த்தால் முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொடர்ந்து என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னது ஜன்னத்துக்கு நினைவிருந்தது. ஆக, ஒரு கட்டைவிரல் வைத்தால் ஒரு பாதம் மிஞ்சும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரம் ஒரு முறை சீறியது, பிறகு தரையோடு உட்கார்ந்தது. தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள். வாழைமரம், தோரணம், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, அலறுகிற ஒலிபெருக்கி. கண்ணாடி பீரோவின் குறுக்கே சிவப்பு ரிப்பன். பக்கத்தில் லூர்து இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தான். லூர்து பஞ்சர் ஒட்டுகிறவன். மன்றம் அவனுக்குத் ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ என்று பதவி கொடுத்திருந்ததால் அன்றைக்கு கிரீஸ் படியாத கையோடு கிடந்து தவித்தான்.

அவன் குனிந்து டியூப்பை உருவிப் பார்த்தான். கம்பி உள்ளே போய், தட்டையான சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்ததில் வால்வு வேர் அருகே கிழிந்திருந்தது. அங்கே கிழிந்தால் ஒட்டு நிற்காது. அது எல்லோருக்கும் தெரியும். மாற்று டியூப்தான் வழி. அவள் சக்கரத்து அளவில் லூர்து கடையில் கிடையாது.

மாற்று டியூப் ஐந்தடி தூரத்தில் தொங்கியது. மற்ற எல்லாம் ஆம்பிளை சைக்கிளின் பெரிய சக்கரத்து டியூப்கள். அவளுடையது மட்டும் சின்னது. பெரியவர்கள் வரிசையில் குழந்தை நிற்பதுபோல அது ஓரமாகத் தொங்கியதால் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவள் கொடுத்த டியூப், அவள் கட்டிய ரப்பர்ப் பட்டையோடு அப்படியே இருந்தது.

அண்ணே, கொஞ்சம் திறந்து என்னோடதை மட்டும் எடுத்துக் குடுங்க, இன்னைக்கு நேரத்துக்குப் போகணும் என்று கோதண்டத்திடம் கேட்டாள். விஷயத்தையும் சொன்னாள். கட்டைவிரல், ஈ.எஸ்.ஐ., உசேன் கால், எல்லாம்.

கோதண்டம் பொறுமையாகக் கேட்டார். அவர் முகத்தில் இரக்கம் படர்ந்தது, பிறகு அதன் மேல் வேறொன்று படர்ந்தது. அவர் மச்சான்மார் பக்கம் திரும்பினார்.

“டேய், நெசமான பஞ்சருடா” என்றார்.

விழாவுக்கென்று அவர்கள் ஏற்பாடு செய்திருந்தது பொய் பஞ்சர். பொருளாளரின் சைக்கிளில் காற்றை இறக்கிவிட்டு, அதை முதலாளி பார்க்க, டியூப்பை வழங்குவதாக இருந்தது. இப்போது ஆண்டவனே ஓர் ஏழைத் தொழிலாளியை, அதுவும் ஒரு பெண்மணியை, உண்மையான ஓட்டையோடு அனுப்பி வைத்திருக்கிறான். மைக்கில் உடனே அறிவிப்பு போனது. டியூப் வங்கியின் முதல் பயனாளி நம்மிடையே வந்துவிட்டார்.

பயனாளிக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது.

லூர்து தலைவரைத் தனியே இழுத்துப் போனான். தனியே என்றாலும் டீக்கடை முழுக்கக் கேட்டது.

“தல, ரிப்பன் சும்மா சொருகித்தான் கீது. இப்டிக்கா நவுத்திட்டு, அந்தம்மா டியூப்ப உருவிகினு, திரும்ப சொருகிட்டா எவனுக்குத் தெரியும்?”

“ரிப்பன் கட்டிட்டா அது விருந்தாளி சொத்து லூர்து. நாம தொடக்கூடாது. நாளிக்கி எவனாவது தெறக்காத வங்கில டியூப் எப்டிடா வெளிய வந்துச்சுன்னு கேட்டா?”

எவனும் கேட்கமாட்டான் என்பது லூர்துக்குத் தெரியும். ஆனால் ஆலோசகர் பதவிக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

முதலாளி டோல்கேட் தாண்டிவிட்டார், ஐந்து நிமிஷம் என்றார் தலைவர். ஜன்னத் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். உண்மையில் முதலாளியின் கார் டோல்கேட் பக்கத்தில் ட்ரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அவருடைய யார்டுக்குப் போகிற ட்ரெய்லர்கள்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. சொந்தச் சொத்து சூழ அவர் ஏ.சி. காரில் உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் அதே வரிசையில் நின்றதால் ஜன்னத்துக்கு அந்த வழியும் இல்லை. இந்தச் சாலையில் அந்த நேரத்துக்கு நகர்கிற ஒரே வண்டி சைக்கிள்தான். அதனால்தான் இத்தனை பேர் மிதிக்கிறார்கள். செயலாளர் மச்சானுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. நம்ம ஆள் ஒருவனை சைக்கிளோடு அனுப்பி முதலாளியைக் கேரியரில் கூட்டி வந்துவிடலாமே என்றார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் செயலாளர் பதவி ஒரு கணம் ஆடியது. மிதிவண்டிப் புரவலரை மிதிவண்டியில் ஏற்றுவதைவிடப் பெரிய அவமானம் மன்ற வரலாற்றில் இல்லை.

அந்நேரம் வெற்றி வந்தான். நிலக்கரி யார்டுக்குப் போகிற வழி. நின்று விசாரித்தான். லூர்து ஜாடையாக எல்லாம் சொன்னான். வெற்றி நேராக ஜன்னத்திடம் வந்தான்.

“யக்கா, ஏறு. கேரியர்ல குந்திக்கோ. டபுள்ஸ் அடிச்சிகினு போய் கேட்ல வுட்டுட்டு நான் திரும்பி வந்துக்கறேன்.”

அவள் எழுந்துவிட்டாள். சோத்து டப்பாவைக் கூடையிலிருந்து எடுத்தும்விட்டாள். அந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். கோதண்டம் நடுவில் வந்து நின்றார்.

“இன்னாம்மா இது. விருந்தாளி வர்ற நேரத்துக்கு எய்ந்து போனா இன்னா அர்த்தம்? எந்தக் கம்பெனி சொன்ன? அட, அந்த எச்.ஆரு நம்ம பையன். கேன்டீன் காலத்துலேர்ந்து பழக்கம். நான் ஒரு போன் போட்டா உனுக்குன்னு கேட்டைத் தொறந்து வெச்சிகினு நிப்பான். நீ குந்து.”

“நெசமாவா அண்ணே?”

“கோதண்டம் வார்த்தைம்மா.”

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாழைமரத்துப் பக்கம் போனார். ஆமாம்பா, ஜன்னத்துன்னு பேரு, நம்ம ஆளு, கொஞ்சம் லேட்டாகும், பாத்துக்கோ என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பேசினார். திரும்பி வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வெற்றி நம்பவில்லை. வாக்கா, ஆவற கதையில்ல இது, என்று இன்னொரு தடவை கூப்பிட்டான். ஜன்னத் அவனையும் பார்த்தாள், தலைவரையும் பார்த்தாள். ஒரு பக்கம் நிலக்கரித் தூசி படிந்த பையனின் கேரியர். இன்னொரு பக்கம் வெள்ளைச்சட்டை, மைக், போன், எச்.ஆரைத் தெரிந்த மனுஷன். பெரிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல்தான் தன் வீட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று உசேன் படுத்தபடி புலம்புவது அவளுக்கு வழக்கமாகக் கேட்கிற பாட்டு. இன்றைக்கு ஆள் கிடைத்திருக்கிறது. எழுந்து போய் அந்த ஆளை முகம் கோண வைப்பதா? நீ கிளம்புப்பா, உனக்கு நேரமாகப் போகுது என்று வெற்றியை அனுப்பி வைத்தாள்.

முதலாளி கே.வி.கே. குப்பம் வந்தார். பிறகு அங்கேயே இருந்தார். பிறகு எர்ணாவூர் வந்தார். ஒவ்வொரு ஊரும் மைக்கில் அறிவிக்கப்பட்டது. ஜன்னத் தன் டியூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்து அவளைப் பார்க்காமல் இருந்தான்.

மேத்யூ வந்து இறங்கியபோது எட்டாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சரமாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஆள் நல்ல மனுஷன்தான், களைத்துப் போயிருந்தார், சீக்கிரம் முடித்துவிட்டுப் போகலாம் என்றார். அதற்குத் தலைவர் சம்மதிக்கவில்லை. வரவேற்புரை நடந்தது. சக்கரம் கண்டுபிடித்த மனிதனில் தொடங்கி, தொழிற்புரட்சி வழியாக, கேன்டீன் சாம்பாரை ஒரு சுற்று சுற்றி, எர்ணாவூருக்கு வந்து சேர அது எடுத்துக்கொண்ட நேரத்தில் சக்கரத்தையே இன்னொரு முறை கண்டுபிடித்திருக்கலாம். ஜன்னத் நடுவில் இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் பொருளாளர் மச்சான் கையமர்த்தினார்.

ரிப்பன் வெட்டப்பட்டது. பீரோ திறந்தது. முதலாளி உள்ளே கைவிட்டு, முன்னால் பளபளவென்று இருந்த ஒரு புத்தம்புது டியூப்பை எடுத்தார். மன்றம் விழாவுக்கென்றே வாங்கி மாட்டியது அது. பெரிய சக்கரத்துக்கானது.

“அது இல்ல சார், அதோ அந்த ஓரத்துல கீதே சின்னது, அது என்னோடது” என்றாள் ஜன்னத்.

கேமராக்காரர் சிரிக்கச் சொன்னார். பழைய டியூப்பை எப்படிம்மா சார் கையால் வழங்குவது, புதுசு தருகிறோம், சந்தோஷமாக வாங்கிக்கொள் என்று தலைவர் பல்லிடுக்கில் சொன்னார். வழங்கினார்கள். வாங்கினாள். கைதட்டினார்கள். சின்னதை எடுக்க அவள் மறுபடியும் கை நீட்டுவதற்குள் பீரோ பூட்டப்பட்டது. விதிப்படி ஓர் உறுப்பினருக்கு ஒரு பஞ்சருக்கு ஒரு டியூப்தான்.

லூர்து இஸ்திரிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தான். பெரிய டியூப்பை மடித்து, திணித்து, சின்னச் சக்கரத்துக்குள் எப்படியோ ஏற்றினான். மடிப்பு விழுந்த இடத்தில் டயர் கட்டிபோல் புடைத்தது. பார்த்து மெதுவா போ, ரொம்ப காத்து தாங்காது என்றான். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை சைக்கிள் அவளைத் தூக்கிப் போட்டது. கத்திவாக்கம் தாண்டி, கடல் ஓரத்தில் கொட்டிய கருங்கற்களைத் தாண்டி, தூக்கிப்போட்டபடியே கேட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கேட் மூடியிருந்தது. செக்யூரிட்டி தீபன் தெரிந்த பையன்தான். சின்னக் கதவு வழியாக வெளியே வந்தான். விரல் எடுக்கிற மெஷினை அவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள், எண்ணிக்கை முடிந்துவிட்டது, உன் பேரை எவ்வளவு தடவை கூப்பிட்டார்கள் தெரியுமா என்றான். எச்.ஆருக்கு போன் வந்திருக்கும், கோதண்டம்னு சொல்லுப்பா, என் பேரைச் சொல்லி வைத்திருக்கிறார் என்றாள் அவள்.

தீபன் உள்ளே போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்தான்.

“எந்தப் போனும் வரலியாம்க்கா. எச்.ஆரு ஒரு மேடம். கோதண்டம்னா யாருன்னு கேக்கறாங்க.”

அவள் தன் போனில் தலைவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் கேசரி விநியோகம் நடந்துகொண்டிருந்தது. மேடமா, நம்ம பையன் எப்போது மாறிப்போனான், அவன் இருந்தபோது எவ்வளவு மரியாதை தெரியுமா என்று தலைவர் கம்பெனி நிர்வாகம் கெட்டுப்போனது பற்றிப் பேசத் தொடங்கினார். காலையில் யாரிடம் பேசினீர்கள் அண்ணே என்று ஜன்னத் கேட்டாள். லைன் சரியாகக் கிடைக்கவில்லை, ஆனால் மெசேஜ் போயிருக்கும் என்றார். தீபன் தரையைப் பார்த்தான்.

அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று தீபனிடம் கேட்டாள். தெரியாதாம். கான்ட்ராக்ட் ஆட்களே இனிமேல் வேண்டாம் என்று பேச்சாம். அதனால் மற்றவர்கள் இன்றைக்கு உள்ளே வரத் தேவையில்லையாம். இதைச் சொல்லும்போது அவன் குரல் ரொம்பத் தணிந்துவிட்டது, சத்தமாகச் சொன்னால்தான் அது நடந்துவிடும் என்பதைப் போல.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். உள்ளே விரல் வைத்தவர்களுக்கு யாரோ கையேடு படித்துக் காட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சைக்கிளைத் திருப்பினாள். வெயில் ஏறியிருந்தது.

டீக்கடைக்குத் திரும்பி வந்தபோது முதலாளி போயிருந்தார். தோரணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனில் வந்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், என்னம்மா, காரியம் ஆச்சா என்றார்.

“ஆவல அண்ணே. வேலையே போச்சு.”

லூர்து கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். அவள் அழுதிருந்தால் தலைவர் சமாளித்திருப்பார், ஆறுதல் சொல்வதில் அவருக்கு அனுபவம் உண்டு. அவள் அழவில்லை. அது அவரைக் கொஞ்சம் பேஜாராக்கியது. கம்பெனியைக் கண்டித்துத் தீர்மானம் போடலாம் என்றார். அவள் பீரோவைப் பார்த்தாள். மன்றத்தில் மகளிர் அணி ஆரம்பிக்கிற எண்ணம் உண்டு, செயலாளர் நீதான், இன்றைக்கே அறிவித்துவிடலாம் என்றார்.

“அந்தப் பதவிக்கு ஈ.எஸ்.ஐ. கீதா?”

யாரோ ஒருவன் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டான். அவள் கையை நீட்டினாள்.

“என் டியூப்ப குடுங்க.”

விதி என்று ஆரம்பித்தார். உனக்கு ஏற்கனவே ஒன்று வழங்கியாச்சு, போட்டோவும் இருக்கிறது, எல்லோரும் இப்படி இரண்டு இரண்டாகக் கேட்டால் வங்கி என்னாகும் என்றார். அவள் நீட்டிய கை இறங்கவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போய், ஓர் இடத்தில் கேட்க யாருமில்லை என்று அவருக்கே தெரிந்து நின்றது. கோதண்டம் பையிலிருந்து சாவியை எடுத்தார். இது விசேஷ அனுமதி என்று சொல்லிக்கொண்டே திறந்து, சின்ன டியூப்பை எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிளை நகர்த்தினாள்.

“அந்தப் புதுசு மன்றத்து டியூப்பும்மா” என்றார் பின்னாலிருந்து. குரலில் சங்கடம் இருந்தது, ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. “நாளிக்கி வர்றப்போ குடுத்துடு.”

நாளைக்கு வர அவளுக்கு என்ன வேலை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஜன்னத் ஸ்டாண்டு போட்டாள். பீரோவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். லூர்து ஓடி வந்து ஸ்பேனரை நீட்டி, நான் மாட்டித் தரேன்க்கா என்றான். ஸ்பேனரை மட்டும் வாங்கிக்கொண்டாள். நட்டைக் கழற்றி, சக்கரத்தை எடுத்து மடியில் சாய்த்து, புடைத்துக்கொண்டிருந்த பெரிய டியூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் அதற்குள் வெடிப்பு விட்டிருந்தது. துடைத்து, நாலாக மடித்து, தலைவரின் நாற்காலிக் கை மேல் வைத்தாள். பிறகு டயரின் உள்பக்கம் முழுக்க விரலை ஓட்டித் தேடினாள். காலையில் குத்திய கட்டுக்கம்பியின் ஒடிந்த முனை, லூர்து அவசரத்தில் கவனிக்காதது, ரப்பருக்குள் புதைந்து அங்கேயேதான் இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டாள். தன் டியூப்பின் ரப்பர்ப் பட்டையை அவிழ்த்து, சுருக்கம் நீவி, உள்ளே வைத்து, வால்வை நேராக்கி, டயரை விளிம்புக்குள் தள்ளினாள்.

எதிரே சாலையில் ட்ரெய்லர்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன. டீக்கடையில் இருந்தவர்கள் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நிதானமாக யாரும் அந்தச் சாலையில் டியூப் மாற்றிப் பார்த்ததில்லை. பம்ப்பை வாங்கி, ஒவ்வொரு அடிக்கும் டயரை அமுக்கிப் பார்த்து, காற்றடித்தாள். அவளுக்கு இனி எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை.